பார்க் குவெல்: பார்சிலோனாவுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

மே மாதம் அப்பா, அம்மாவோடு முதல் முறையாகப் பார்சிலோனா போகிறோம், பார்க் குவெல்லுக்கு அரை நாள்தான் ஒதுக்க முடியும், ஒரு பூங்காவைப் பார்க்க இவ்வளவு டிக்கெட் கொடுக்கத்தான் வேண்டுமா, அம்மாவுக்கு மூட்டு வலி, மேடு ஏற முடியுமா என்று கேட்டிருந்தீர்கள்.

கட்டாயம் போங்கள். அம்மாவையும் தாராளமாக அழைத்துப் போகலாம். ஆனால் எந்த வாசலில் நுழைவது, எந்த வரிசையில் பார்ப்பது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அதைவிட முக்கியம், அது எதற்காகக் கட்டிய இடம் என்று தெரிந்துகொண்டு போவது. அது தெரியாமல் போகிறவர்கள் பல்லி சிலையோடு ஒரு படம், வளைந்த பெஞ்சில் ஒரு படம் எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். "கலர் கலராக ஓடு ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்" என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்த மலைச்சரிவில் விழும் மழையை என்ன செய்வது என்று ஒரு மனிதர் யோசித்த யோசனைதான் அந்த இடத்தின் உயிர். ஓட்டு வேலையும் சிலையும் அதற்கு மேலே போட்ட அலங்காரம்.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எவுசெபி குவெல் பார்சிலோனாவின் பெரும் தொழிலதிபர், ஜவுளி ஆலைக்காரர். கட்டடக் கலைஞர் அந்தோனி கவுடியை நம்பிப் பல கட்டடங்களைக் கட்டச் சொன்னவர். நகரத்துக்கு வெளியே மொட்டை மலை என்று உள்ளூர்க்காரர்கள் அழைத்த, மரமும் தண்ணீரும் இல்லாத ஒரு சரிவை வாங்கி, அங்கே பணக்காரக் குடும்பங்களுக்கு ஒரு குடியிருப்பு உருவாக்க நினைத்தார். இங்கிலாந்தில் அப்போது பேசப்பட்ட தோட்ட நகர யோசனை அவரை ஈர்த்திருந்தது. வடிவமைக்கும் பொறுப்பைக் கவுடியிடம் கொடுத்தார். 1900-ல் வேலை தொடங்கியது. முக்கோண வடிவில் சுமார் 60 மனைகள். ஒவ்வொரு மனையிலும் ஆறில் ஒரு பங்கில்தான் வீடு கட்டலாம், பக்கத்து வீட்டுக்காரர் கடலைப் பார்ப்பதை மறைக்கக் கூடாது, வெயிலைத் தடுக்கக் கூடாது என்றெல்லாம் நிபந்தனைகள். மனையை வாங்குவதற்கான பத்திர முறையும் சிக்கலானது. போய்வர ஒழுங்கான வண்டி வசதி இல்லை. மனைகள் விற்கவில்லை. மாதிரிக்கு ஒரு வீடு, குவெல்லின் நண்பரான ஒரு வழக்கறிஞருக்கு ஒரு வீடு, புதிதாக எழுந்தவை இவ்வளவுதான். 1914-ல் வேலை நின்றது. 1918-ல் குவெல் இறந்தார். 1922-ல் மாநகராட்சி அந்த இடத்தை வாங்கியது. 1926-ல் பொதுப் பூங்காவாகத் திறந்தது. 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

ஆகவே நீங்கள் பார்க்கப் போவது பூங்காவாகத் திட்டமிட்ட இடமே இல்லை. வாசல், காவலர் வீடு, சந்தை, மைதானம், சாலை, பாலம், தண்ணீர்த் தொட்டி என்று ஒரு குடியிருப்புக்கு வேண்டிய பொதுவான எல்லாம் கட்டி முடிந்து, குடிவர ஆளில்லாமல் போன நகர். இதை மனதில் வைத்துக்கொண்டு நடந்தால், ஒவ்வொன்றையும் பார்க்கும்போது "இது எதற்கு?" என்று கேட்கத் தோன்றும். கேட்டால் பதில் கிடைக்கும். கவுடியின் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இனி டிக்கெட். 2013 அக்டோபர் வரை எல்லாப் பகுதிக்கும் இலவசமாகப் போகலாம். கூட்டம் தாங்காமல்தான் நடுப்பகுதிக்கு 8 யூரோ கட்டணம் வைத்தார்கள். அப்புறம் கட்டணமும் ஏறியது, கட்டணப் பகுதியும் விரிந்தது. இப்போது அன்றைய தொகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிறது. குழந்தைகளுக்கும் மூத்தவர்களுக்கும் தனிக் கட்டணம் உண்டு, அப்பா அம்மாவின் வயதைப் பார்த்து எடுங்கள். பூங்காவின் அதிகாரப்பூர்வ தளத்தில் நேரம் குறித்த டிக்கெட்டாக எடுக்க வேண்டும். குறித்த நேரத்திலிருந்து அரை மணிக்குள் நுழைந்துவிட வேண்டும். உள்ளே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் வெளியே வந்துவிட்டால் அதே டிக்கெட்டில் திரும்பப் போக முடியாது. மே மாதம் கூட்டம் அதிகம், அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். காலை 9.30 மணிக்குத்தான் சுற்றுலாப் பயணிகளை விடுவார்கள், அதற்கு முன் அக்கம்பக்கத்து மக்களுக்கான நேரம். அந்த முதல் அரை மணி டிக்கெட் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். கிடைக்காவிட்டால் மாலையில் கடைசி இரண்டு மணி நேரம். வெயிலும் குறைவு, ஓட்டின் நிறமும் அப்போதுதான் எடுத்துக் காட்டும். நடுப்பகல் வேண்டவே வேண்டாம். நடுவில் இருக்கும் பெரிய திறந்தவெளி மைதானத்தில் நிழல் கிடையாது.

எப்படிப் போவது என்பதில்தான் அம்மாவின் மூட்டு வலி வருகிறது. பெரும்பாலோர் மெட்ரோவில் மூன்றாம் எண் பச்சை வழித்தடத்தில் லெசெப்ஸ் நிலையத்தில் இறங்கி நடக்கிறார்கள். இருபது நிமிட நடை, கடைசிப் பகுதி நல்ல ஏற்றம். அதற்கு அடுத்த நிலையம் வல்கார்கா. அங்கிருந்து ஒரு தெருவில் திறந்தவெளி எஸ்கலேட்டர்களே வைத்திருக்கிறார்கள், பூங்காவின் மேற்பகுதிக்குக் கொண்டுபோய் விடும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எஸ்கலேட்டர்களுக்கு இடையே படிகளும் செங்குத்தான சாலையும் இருக்கின்றன, எஸ்கலேட்டர் ஓடாத நாளும் உண்டு. உங்கள் குடும்பத்துக்கு ஏற்றது 24-ஆம் எண் பஸ். நகர மையத்துச் சதுக்கமான பிளாசா கட்டலூன்யாவில் ஏறினால் பசெச் தெ கிராசியா வழியாகக் கார்மெல் சாலையில் பூங்கா வாசலுக்கே போகும். அந்த வாசலில் நுழைந்தால் அதிக ஏற்றம் இல்லாமல் மைதானத்தின் மட்டத்துக்கே வந்துவிடலாம். பஸ்ஸில் கைப்பையும் போனும் பத்திரம். கூட்டத்தில் பிக்பாக்கெட் அடிப்பதில் பார்சிலோனா பேர்போன ஊர்.

116 என்று ஒரு சின்ன பஸ்ஸும் பூங்காப் பக்கம் போகும், தயவுசெய்து அதில் ஏறாதீர்கள். அந்த மேட்டுத் தெருக்களில் இருக்கும் வயதானவர்கள் காய்கறி வாங்கவும் மருத்துவமனை போகவும் நம்பியிருக்கிற வண்டி அது. சுற்றுலாப் பயணிகள் நிரம்பி அவர்களுக்கே இடமில்லாமல் போய், 2024-ல் அந்த வழித்தடத்தை கூகுள் மேப்ஸிலிருந்தே எடுக்க வைத்தது மாநகராட்சி. ஆண்டுக்குப் பல லட்சம் பேர் வந்துபோகிற இடத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பது எவ்வளவு பாடு என்பதை நாம் போகிற இடத்திலெல்லாம் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, உள்ளே வந்துவிட்டோம். எல்லோரும் கீழே பிரதான வாசலில் தொடங்கிப் படியேறி மேலே வருவார்கள். நீங்கள் மேலே தொடங்கிக் கீழே இறங்குங்கள். முழங்காலுக்கும் நல்லது, மழைநீர் போகிற வழியும் அதுதான்.

மைதானத்தில் போய் நின்றதும் எல்லோரும் விளிம்புக்கு ஓடுவார்கள், அங்கேதான் கடலும் ஊரும் தெரியும். ஒரு நிமிடம் பொறுத்து, காலுக்குக் கீழே பாருங்கள். தரை வெறும் மண். கல் பாவவில்லை, சிமென்ட் பூசவில்லை. இவ்வளவு செலவு செய்து அலங்கரித்த இடத்தில் தரையை மட்டும் ஏன் விட்டுவிட்டார்கள்? விழுகிற மழை வழிந்தோடாமல் அந்த மண்ணிலேயே இறங்க வேண்டும் என்பதற்காக. மைதானத்தின் பின்பாதி மலையைக் குடைந்து எடுத்த தரை, முன்பாதி கீழே நிற்கும் தூண்கள் தாங்கும் கூரை. மண்ணிலும் சரளையிலும் வடிகட்டித் தெளிந்த நீர் அந்தத் தூண்களுக்கு உள்ளே இருக்கும் குழாய் வழியாக இறங்கி, அடியில் இருக்கும் தொட்டிக்குப் போகிறது. தொட்டியின் கொள்ளளவு 1,200 கன மீட்டர், அதாவது 12 லட்சம் லிட்டர். தோட்டத்துக்கு அந்த நீரைப் பாய்ச்சுவதுதான் திட்டம். நூறு ஆண்டு கழித்து, 2024 பிப்ரவரியில், பார்சிலோனா பகுதிக்கு வறட்சி நெருக்கடி நிலை அறிவிக்க வேண்டி வந்தது. அந்தச் செய்தியைப் படித்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது இந்த மண் தரைதான்.

இப்போது விளிம்புக்கு வாருங்கள். மைதானத்தைச் சுற்றிப் பாம்பு போல வளைந்து வளைந்து போகும் பெஞ்சின் நீளம் 110 மீட்டர். மாடியின் கைப்பிடிச் சுவரும் அதுவேதான். வளைவு அழகுக்கு மட்டும் போட்டதில்லை. உள்பக்கம் குழிந்த வளைவில் உட்கார்ந்தால் எதிரெதிரே பார்த்துப் பேசலாம், ஒரு குடும்பத்துக்குச் சரியாக இருக்கும். வெளிப்பக்கம் புடைத்த வளைவில் தனியாக வந்தவர் உட்காரலாம், யாரையும் பார்க்க வேண்டியதில்லை. முதுகைச் சாய்த்துப் பாருங்கள், இடுப்புக்குச் சரியாக ஓர் அணை கொடுத்திருக்கும். ஈரமான சாந்தில் ஒரு வேலையாளை உட்காரவைத்து அந்த வடிவத்தை எடுத்தார் கவுடி என்று ஒரு கதை சொல்வார்கள். உட்காரும் இடத்தில் சிறு துளைகள் இருக்கும், மழை நின்றதும் நீர் வடிந்துபோக. அம்மாவுக்கு நல்ல ஓய்விடம் இதுதான்.

அங்கே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கைக்குப் பக்கத்தில் இருக்கும் ஓட்டுத் துண்டுகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இந்த வேலைக்கு டிரென்கதிஸ் என்று பெயர். ஓட்டுப் பட்டறைகளில் உடைந்தது, கழித்துப்போட்டது எல்லாம் கொண்டுவந்து சில்லு சில்லாக ஒட்டியது. வளைந்த பரப்பில் முழு ஓடு உட்காராது, உடைந்த துண்டு உட்காரும். நிறத்தையும் வரிசையையும் தீர்மானித்தவர் கவுடியின் உதவியாளர் ஜோசெப் மரியா ஜுஜோல். பெஞ்சின் பெரும் புகழ் இவருக்குச் சேர வேண்டியது, ஆனால் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இவர் பெயர் தெரியாது. ஓர் இடத்தில் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பு தெரியும், அதில் இருக்கும் பூ பாதியில் அறுந்து பக்கத்துத் துண்டில் வேறு ஏதோ பூவாகத் தொடரும். நீலத்திலிருந்து பச்சைக்கு, பச்சையிலிருந்து மஞ்சளுக்கு எந்த இடத்தில் மாறியது என்று தேடினால் கண்டுபிடிக்க முடியாது. திடீரென்று வெறும் வெள்ளையாக நாலு அடி போகும், அங்கே வெள்ளையிலேயே எத்தனை வெள்ளை இருக்கிறது என்று தெரியும். பத்து நிமிடம் அதற்கு மட்டும் கொடுங்கள்.

மைதானத்திலிருந்து பக்கவாட்டில் இறங்கினால் நேர் கீழே தூண் மண்டபம். 86 தூண்கள். குடியிருப்புக்காரர்கள் காய்கறி வாங்கும் சந்தைக்காகக் கட்டியது இது. ஒரு கடைகூட வரவில்லை. தூணின் கீழ்ப்பகுதியை ஓடு ஒட்டி வழவழப்பாக விட்டு, மேலே பழைய கிரேக்கக் கோயில் தூண் மாதிரி வரிவரியாகச் செய்திருக்கிறார்கள். வெளி வரிசைத் தூண்கள் நேராக நிற்கவில்லை, உள்பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. மேலே இருக்கும் மண்ணின் பாரம் பக்கவாட்டில் தள்ளுமே, அதற்கு எதிராகக் கால் ஊன்றி நிற்கின்றன. அண்ணாந்து பார்த்தால் சின்னச் சின்னக் குவி மாடங்கள், நடுவே சூரியனைப் போல் பெரிய வட்ட அலங்காரங்கள். அவையும் ஜுஜோல் செய்தவை. பாட்டில், கோப்பை, தட்டு என்று வீட்டுச் சாமான்களின் துண்டுகள் அவற்றில் இருக்கும், அப்பாவுக்குக் கண் நன்றாகத் தெரியும் என்றால் தேடச் சொல்லுங்கள். இந்த மண்டபத்தில் கூட்டமும் நிழலும் சேர்ந்தே இருக்கும். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும்.

அதற்குக் கீழே படிக்கட்டு, அதன் நடுவில் எல்லாப் படங்களிலும் வரும் அந்தப் பல்லி. டிராகன் என்பார்கள், சாலமாண்டர் என்பார்கள். எதுவாக இருந்தாலும் அதன் வேலை ஒன்றுதான். மேலே சொன்னேனே தொட்டி, அது நிரம்பினால் மிஞ்சிய நீர் வெளியேறும் வாய் இது. மைதானத்தின் மண், தூண், தொட்டி, பல்லியின் வாய் என்று ஒரே வழியில் வந்த நீர் இங்கே வெளியே தலை காட்டுகிறது. இப்போது அந்தப் பல்லி உங்களுக்கு வெறும் சிலையாகத் தெரியாது என்று நம்புகிறேன். 2007-ல் யாரோ இரும்பால் அடித்து அதன் முகத்தை உடைத்துவிட்டார்கள், பின்பு சரிசெய்தார்கள். தொடாதீர்கள், மேலே சாய்ந்து படம் எடுக்காதீர்கள். வரிசை நீளமாக இருந்தால் படத்தை விட்டுவிடுங்கள், நஷ்டமில்லை.

படிக்கட்டின் அடியில், வாசலுக்கு இரு பக்கமும் இருக்கும் இரண்டு சின்னக் கட்டடங்களில் ஒன்று காவலாளி குடும்பம் இருக்கக் கட்டிய வீடு. உள்ளே போய்ப் பார்க்கலாம். வரிசை பெரிதாக இருந்தால் தவிர்த்துவிடுங்கள், அறைகள் சின்னவை. வாசலின் இரும்புக் கதவை மட்டும் நின்று பாருங்கள், பனையோலை வடிவில் வார்த்த சட்டங்கள். கவுடி இளம் வயதில் கட்டிய காசா விசென்ஸ் வீட்டு வேலியிலிருந்து பின்னாளில் இங்கே கொண்டுவந்து பொருத்தியவை அவை.

அம்மா அப்பாவை மண்டபத்து நிழலில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போக வேண்டிய இடம், பாலங்களும் சாய்ந்த தூண் வரிசையும். கவுடியின் திறமை முழுவதும் என் பார்வையில் இங்கேதான் இருக்கிறது, பெஞ்சில்கூட இவ்வளவு இல்லை. மலையை வெட்டிச் சமப்படுத்தாமல் வண்டிப் பாதை போட வேண்டும். சரிவு குறுக்கே வருகிற இடத்தில் பாதையைத் தூண்களின் மேல் தூக்கிவிட்டார். அந்தத் தூண்களுக்குக் கல் வெளியிலிருந்து வரவில்லை, அதே இடத்தில் தோண்டி எடுத்த கல். மரத்தடி மாதிரி முரட்டுத்தனமாக, மலையின் பாரம் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அதற்கேற்பச் சாய்ந்து நிற்கும். சில நொடிகளுக்கு எது கட்டியது, எது தானாக முளைத்தது என்று கண்ணுக்குப் பிடிபடாது. மைதானத்தின் பக்கத்தில் இருக்கும் வண்ணாத்தி மண்டபத்தில் இந்தச் சாய்வு ஓர் அலை போல் சுருண்டு நிற்கும். ஒரு தூணில் துணி துவைக்கும் பெண்ணின் உருவம் செதுக்கியிருப்பதால் அந்தப் பெயர். வரிசையின் நடுவில் நின்று நீளவாக்கில் பாருங்கள். பாதையோரம் உருண்டையான கல் குண்டுகள் வரிசையாக இருக்கும், அவற்றை ஜெபமாலையின் மணிகள் என்பார்கள். கவுடி கடும் பக்திமான்.

மாதிரிக்குக் கட்டிய வீடு ஒன்று சொன்னேன் அல்லவா, அதை யாரும் வாங்காததால் 1906-ல் கவுடியே வாங்கித் தந்தையோடும் அக்கா மகளோடும் குடிவந்தார். தந்தை அந்த ஆண்டே இறந்தார், அக்கா மகள் 1912-ல். அப்புறமும் ஏறக்குறைய சாகும்வரை அங்கேதான் இருந்தார். கடைசி மாதங்களில், தான் கட்டிக்கொண்டிருந்த சக்ராடா ஃபமிலியா தேவாலயத்தின் பட்டறையிலேயே தங்கிவிட்டார். 1926 ஜூன் 7-ல் டிராம் மோதி, மூன்று நாள் கழித்து இறந்தார். வீட்டை வடிவமைத்தது அவர் இல்லை, உடன் வேலை செய்த பிரான்செஸ்க் பெரெங்கேர். இப்போது அருங்காட்சியகம், டிக்கெட் தனி. அரை நாள்தான் என்றால் வெளியிலிருந்து பார்த்தால் போதும். குவெல் குடியிருந்த பழைய மாளிகை வெகுகாலமாகப் பள்ளிக்கூடமாக இருக்கிறது.

மூன்று சிலுவை மேடு என்று உச்சியில் ஓரிடம் இருக்கிறது, குவெல் அங்கே தேவாலயம் கட்ட நினைத்திருந்தார். அங்கிருந்து ஊர் முழுவதும் தெரியும், சக்ராடா ஃபமிலியா கோபுரங்கள், துறைமுகம், கடல் எல்லாம். ஏற்றம் கடினம், மேலே கடைசிப் படிகளுக்குக் கைப்பிடி சரியாக இல்லை. அம்மாவை அழைத்துப் போக வேண்டாம், உங்களுக்குத் தெம்பிருந்தால் இருபது நிமிடம் கொடுங்கள். வழியில் பனைகளில் பச்சைக்கிளிக் கூட்டம் கத்திக்கொண்டே இருக்கும். ஊர்ப் பறவை இல்லை, தென் அமெரிக்காவிலிருந்து கூண்டில் வந்து தப்பிப் பெருகியவை.

இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். தண்ணீர் பாட்டில், தொப்பி, நல்ல பிடிமானமுள்ள செருப்பு. மண் பாதையில் சரளை வழுக்கும், இறக்கத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழ் வாசல் பக்கம் தெருக்கடைகளில் பல்லி பொம்மை விற்பார்கள், விலை அதிகம்தான், ஊருக்குள் வாங்கிக்கொள்ளலாம்.

முடிந்ததும் கீழ் வாசல் வழியாக வெளியேறி, இறக்கமாகவே கிராசியா பகுதிக்கு நடந்துவிடுங்கள். கால் வலித்தால் டாக்ஸி, தூரம் குறைவு. பழைய கிராமம் போன்ற குறுகலான தெருக்கள், சின்னச் சதுக்கங்கள், மரத்தடி மேஜைகள். மதிய உணவு அங்கே ஒன்றரை, இரண்டு மணிக்குத்தான் சூடு பிடிக்கும். சாப்பிட்டபின் நேரமிருந்தால் அதே பகுதியில் கரோலினஸ் தெருவில் இருக்கும் காசா விசென்ஸைத் தெருவிலிருந்தாவது பாருங்கள். அங்கே ஓடுகள் எல்லாம் முழுசு முழுசாக, கட்டம் கட்டமாக வரிசை தப்பாமல் பதித்திருக்கும். 1880-களில் கட்டிய வீடு. கவுடிக்கு அப்போது முப்பது வயதை ஒட்டித்தான்.